ஒயர் புராணம் – 14: பிரஸ்ஸல்ஸில் விழுந்த முடிச்சு

யூஎஸ்பி கேபிளுக்குள் நாலு ஒயர். சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. போன வாரம் அங்கேதான் விட்டோம். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளவும்.

இந்த வாரம் டிரைவர் மென்பொருள் பற்றி எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். நடுவில் கண்ணில் பட்ட ஒரு சங்கதி ஆளை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்கு முன், அவசரக்காரர்களுக்காகச் சில வரிகள்.

போன் சார்ஜ் ஆகிறது, கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியவில்லை என்றால் முதல் சந்தேகம் கேபிள் மேல்தான். பச்சையும் வெள்ளையும் இல்லாமலே விற்கிற மலிவு கேபிள்கள் உண்டு. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மாற்றிப் பாருங்கள். அடுத்தது, போனின் திரையை மேலிருந்து கீழே இழுத்து, யூஎஸ்பி அறிவிப்பைத் தொட்டு, 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 தொட்டு, 'சார்ஜ் மட்டும்' என்பதே வழக்கமாகிவிட்டது. அறிமுகமில்லாத கம்ப்யூட்டர் நம் படங்களைத் துழாவாமலிருக்க அது நல்லதுதான். மூன்றாவது, பஞ்சு. எங்கள் தெருமுனை செல்போன் சர்வீஸ் தம்பி, எந்தப் போனை நீட்டினாலும் முதலில் ஓட்டைக்குள் டார்ச் அடித்துத்தான் பார்ப்பார். போனை அணைத்துவிட்டு, பல் குத்தும் குச்சியால் மெல்ல நெம்பி, சட்டைப்பைப் பஞ்சைச் சுருள் சுருளாக எடுத்து மேஜையில் வைப்பார். "இனிமே பாக்கெட்டை உதறிட்டு வைங்க சார்." காசும் வாங்க மாட்டார்.

இவை எல்லாம் செய்தும் தெரியவில்லையா? உங்கள் விண்டோஸின் பெயரைக் கடைசி எழுத்துவரை படியுங்கள். 'ப்ரோ' என்று முடிகிறதா, 'ப்ரோ என்' என்று முடிகிறதா? இந்த வாரம் முழுக்க என்னைத் தூங்கவிடாத எழுத்து அந்த 'என்'.

2004 மார்ச்சில் பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் போட்டது. குற்றச்சாட்டுகளில் ஒன்று: விண்டோஸோடு மீடியா பிளேயரையும் சேர்த்தே கொடுத்து, மற்றப் பிளேயர்களின் பிழைப்பைக் கெடுக்கிறீர்கள். ஆகவே பிளேயர் இல்லாத விண்டோஸ் ஒன்றையும் விற்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் அதற்கு 'குறைக்கப்பட்ட மீடியா பதிப்பு' என்று பெயர் வைக்கப் பார்த்தது. பெயரைப் பார்த்தாலே எவன் வாங்குவான்? அந்தக் குறும்பு புரிந்து ஆணையம் மறுத்துவிட, 'என்' வந்தது. பெயர் மாறியும் போணியாகவில்லை. விலையில் குறைவில்லை, பொருளில் குறைவு, யார் தொடுவார்? அப்போது விற்றது 1,787 பிரதிகள் என்பது மைக்ரோசாஃப்டே சொன்ன கணக்கு. தோற்ற வழக்கில் இப்படி ஜெயித்தவர்கள் குறைவு!

பாட்டுப் பெட்டிக்கும் போனுக்கும் என்ன சம்பந்தம்? அங்கேதான் முடிச்சு.

பழைய ஆண்ட்ராய்டு போன்கள் கம்ப்யூட்டரில் செருகியதும் மெமரி கார்டை மொத்தமாக ஒப்படைத்துவிடும். கடைச் சாவியையே வாடிக்கையாளரிடம் கொடுப்பது போல. அவர் திருப்பித் தரும்வரை கடைக்காரர் தெருவில் நிற்க வேண்டியதுதான். கேபிளைக் கழற்றும்வரை அந்தக் கார்டைப் போனால் தொட முடியாது. 2011-இல், ஆண்ட்ராய்டு 3-இல், கூகுள் 'எம்டிபி' என்ற வேறு முறைக்கு மாறத் தொடங்கியது. இதில் கம்ப்யூட்டர் ஒவ்வொரு ஃபைலாகக் கேட்கும், போன் எடுத்துத் தரும். இந்த எம்டிபி போனுக்காகப் பிறந்ததே அல்ல. கேமராக்களுக்கென்று இருந்த முறையை நீட்டி, பாட்டு கேட்கும் கருவிகளுக்காக மைக்ரோசாஃப்ட் செய்தது. ஆகவே விண்டோஸுக்குள் அதன் இருப்பிடம் மீடியா சாமான்களோடு. பிளேயரைப் பிடுங்கியபோது அதுவும் கூடவே போய்விட்டது.

விளைவு, விண்டோஸ் 10, 11-இன் 'என்' பதிப்புகளில் இன்றைக்கும் போன் சார்ஜ் ஆகும். ஃபைல் மட்டும் தெரியாது. கேபிளை மாற்றி, போனை மாற்றி, கடைசியில் கம்ப்யூட்டரையே சந்தேகிப்பார்கள். பாட்டுப் பெட்டி வழக்கு யாருக்கு ஞாபகம் வரும்?

வைத்தியம் இலவசம். செட்டிங்ஸில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' என்று தேடுங்கள். அங்கே 'மீடியா ஃபீச்சர் பேக்' இருக்கும். சேர்த்துவிட்டு கம்ப்யூட்டரை ஒருமுறை 'ரீஸ்டார்ட்' செய்யுங்கள். அவ்வளவுதான்.

பக்கம் முடிந்தது, டிரைவர் அடுத்த வாரம். அதற்குள் ஒரு வேலை செய்து வையுங்கள். 'யூஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு' என்று வருகிறவர்கள் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் விழுந்த வரியைத் திறந்து, 'டீடெயில்ஸ்' பகுதியில் ஹார்ட்வேர் ஐடியைப் பாருங்கள். தயாரிப்பாளர் எண் இருக்க வேண்டிய இடத்தில் 0000 என்றிருந்தால் டிரைவரைத் தேடி இணையத்தில் அலையாதீர்கள். 'நீ யார்' என்று விண்டோஸ் கேட்டதற்குப் போனிடமிருந்து ஒழுங்கான பதிலே வரவில்லை என்று அர்த்தம்.