பழைய பாயிண்ட் 22 ரைபிள் அடிக்கடி சிக்குதா? லேத் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போகும் முன் இதைப் படிங்க!

பெரம்பலூருக்கு வடக்கே இருக்கும் வாலிகண்டபுரம், துப்பாக்கிச் சத்தம் கேட்ட ஊர். 1751-ல் கர்நாடகப் போரின்போது, ஆங்கிலேயப் படையும் சந்தா சாகிப் - பிரெஞ்சுக் கூட்டுப் படையும் இங்கேதான் மோதின. அந்தக் காலத் துப்பாக்கியில் மருந்து நனைந்தாலே போச்சு, வெடிக்காது. இன்று தாத்தா காலத்து உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களின் புலம்பல் வேறு: "ரெண்டு குண்டு சுட்டா மூணாவது சிக்கிக்குது." ஏன் இப்படி ஆகிறது? சரிசெய்ய முடியுமா? பார்ப்போம்.

ரிம்ஃபயர்னா என்ன?

என்.சி.சி. கேம்ப் போனவர்கள் சுட்டுப் பழகியிருப்பார்களே, அந்தப் பாயிண்ட் 22 தோட்டாதான் ரிம்ஃபயர். பெரிய தோட்டாக்களில் தீப்பற்றும் மருந்து அடிப்பக்கத்தின் நடுவில் தனி மூடியில் இருக்கும். இதில் அது உறையின் விளிம்புக்குள்ளேயே இருக்கும். ஃபயரிங் பின் அந்த விளிம்பை நசுக்கினால் தோட்டா வெடிக்கும். 1857-ல் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் இந்த வகையில் ஒரு பாயிண்ட் 22 தோட்டாவைக் கொண்டு வந்தது. இப்போது பரவலாக இருக்கும் 'லாங் ரைபிள்' தோட்டா 1887-ல் வந்தது.

இதில் தோட்டாவை நிறுத்தி வைப்பது, வெடிக்க வைப்பது, காலி உறையை இழுத்து எடுப்பது என மூன்றுமே அந்த மெல்லிய விளிம்பை நம்பித்தான் நடக்கின்றன. சிக்கலும் பெரும்பாலும் அங்கேதான்.

எங்கே சிக்குதுன்னு முதலில் பாருங்க

தோட்டா உள்ளே போகவில்லையா? மேகசினைச் சந்தேகப்படுங்கள். அதன் வாய்ப்பகுதி தகடு வளைந்திருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். வேறு மேகசின் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

உள்ளே போகுது, வெடிக்கலையா? பழைய தோட்டாவாக இருக்கலாம். தேய்ந்த பின், போல்ட்டுக்குள் இறுகிப்போன எண்ணெய் ஆகியவையும் காரணமாகலாம். தோட்டா இல்லாமல் சும்மா டிரிகர் அழுத்திப் பழகியிருந்தால், பல பழைய ரைபிள்களில் பின் நேராகச் சேம்பர் ஓரத்தில் இடித்துக் குழி விழுந்திருக்கும்.

காலி உறை வெளியே வரலையா? இதுதான் அதிகம். ஈயக் குண்டின் மேல் மெழுகுப் பூச்சு உண்டு. அதுவும் கரியும் சேர்ந்து சேம்பரில் படியும். உறையைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடியில் அழுக்கு அடைந்தாலும், கொக்கி முனை மழுங்கினாலும் பிடி நழுவும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

சுத்தம் மட்டும். மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, சேம்பர் காலிதானா என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். பிறகு பித்தளைப் பிரஷ், துணி, துப்பாக்கிக்கான கிளீனிங் எண்ணெய் கொண்டு சேம்பரையும் கொக்கியின் அடிப்பக்கத்தையும் துடையுங்கள். எண்ணெய் ஒரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். குளிரில் உறையும், தூசியையும் இழுக்கும்.

சுடும்போது வெடிக்கவில்லை என்றால் உடனே போல்ட்டைத் திறக்காதீர்கள். ஆளில்லாத பாதுகாப்பான திசையில் குழலை நீட்டியபடி குறைந்தது 30 விநாடி காத்திருங்கள். சில தோட்டா தாமதமாக வெடிக்கும். சத்தம் வழக்கத்தைவிட மெலிதாகக் கேட்டால் அதோடு நிறுத்திவிடுங்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். சிக்கிய தோட்டாவை ஸ்குரூ டிரைவரால் நெம்புவதும் ஆபத்து. விளிம்பில் அடிபட்டால் கையிலேயே வெடிக்கும்.

'நம்ம லேத் கடை அண்ணன் பார்த்துக்குவார்' - கூடாது!

சுத்தம் செய்தும் சிக்கினால் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்குத்தான் போக வேண்டும். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவின்படி, துப்பாக்கி பழுது பார்க்கவும் உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, இதை மீறினால் குறைந்தது 7 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. நல்ல மனசோடு அரம் போட்டுக் கொடுக்கும் பட்டறைக்காரர் மாட்டிக்கொள்வார். உரிமம் இருக்கிறதா என்று பார்க்காமல் துப்பாக்கியைக் கொடுத்தவர் மேலும் வழக்கு வரலாம்.

இன்னொன்று. தாத்தா காலமாகிவிட்டால் அவருடைய உரிமம் தானாகப் பேரனுக்கு வராது. உங்கள் பெயரில் உரிமம் கிடைக்கும் வரை அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். பழுது பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உரிமம் சரியாக இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. தேர்தல் நேரத்தில் ஒப்படைத்த ரைபிள் வாரக்கணக்கில் அசையாமல் கிடந்து திரும்பி வரும். வீட்டுக்கு வந்ததும் சேம்பர் காலியா என்று பாருங்கள், அடுத்து சுத்தம் செய்யுங்கள். சுடுவதெல்லாம் அப்புறம்.