பல்லுறைக்கு இருபத்திரண்டு மணி நேரம்

"இதை ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போட்டிருக்க வேண்டும்?" பற்களைச் சீராக்க ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறையை வாங்கி வரும் இல்லங்களிலெல்லாம் முதலில் எழுகின்ற கேள்வி இதுவாகத்தான் இருக்கிறது. மருத்துவர் இருபத்திரண்டு மணி நேரம் என்கிறார். அண்டை வீட்டார், "எங்கள் பிள்ளை இரவில் மட்டும்தான் போடுகிறான்" என்கிறார்கள். விளம்பரமோ, விரும்பியபோது கழற்றலாம், விரும்பியபோது மாட்டலாம் என்று ஆசை காட்டுகிறது. இம்மூன்றுக்கும் இடையில் பணம் கட்டிய பெற்றோர் திகைத்து நிற்கின்றனர்.

எத்துப்பல்லுக்குக் கம்பி கட்டுவதை 'கிளிப் போடுவது' என்றே நம் மக்கள் வழங்கி வந்தனர். இன்று அதே வேலைக்கு 'அலைனர்' என்னும் கண்ணுக்குப் புலப்படாத உறை வந்துள்ளது. எங்கள் நெருப்பெரிச்சல் பகுதியில் பனியன் கம்பெனி வேலைக்குச் செல்லும் பிள்ளைகளின் வாயிலும் இச்சொல் புழங்கத் தொடங்கிவிட்டது. விலையோ ஐம்பதாயிரத்தையும் தாண்டி இலட்சங்களுக்குச் செல்கிறது. அத்தனை பணத்தையும் கொடுத்துவிட்டு மணிக்கணக்கில் கோட்டை விடுவதைப் போன்ற வீண் விரயம் வேறில்லை.

பற்களை அழுத்தி நகர்த்தலாம் என்பது பழைய அறிவு. பால்பல் விழுமுன் பின்னால் முளைத்துவிட்ட புதுப்பல்லை அன்றாடம் விரலால் முன்னோக்கி அழுத்தி வருமாறு, முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியரான செல்சஸ் எழுதி வைத்தார். குர்துபா நகரில் வாழ்ந்து 1013-இல் மறைந்த நம் அறுவை மருத்துவ மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி அவர்கள், தமது 'அத்தஸ்ரீஃப்' என்னும் பெருநூலில் பற்காரையைச் சுரண்டும் கருவிகளையும், ஆடும் பற்களைத் தங்கக் கம்பியால் பிணைக்கும் முறையையும் விவரித்தார். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைக் கல்கத்தாவில் 1920-இல் நிறுவியவரும் ஒரு முஸ்லிமே. அவர் டாக்டர் ரஃபீயுத்தீன் அஹ்மத். அவர் பிறந்த டிசம்பர் 24-ஆம் நாள்தான் இந்நாட்டில் பல் மருத்துவர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. இதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

உறையின் கதை அண்மைக்காலத்தது. அமெரிக்காவின் கெஸ்லிங் என்பவர் 1945-இல் ரப்பரால் ஓர் உறை செய்து, பற்களைப் படிப்படியாக நகர்த்தும் எண்ணத்தை வெளியிட்டார். அதனைக் கணினியின் துணையால் நடைமுறைக்குக் கொணர்ந்தவர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பயின்ற ஸியா சிஷ்தியும் கெல்ஸி விர்த்தும் ஆவர். 1997-இல் அவர்கள் தொடங்கிய நிறுவனத்தின் 'இன்விஸலைன்' உறைக்கு 1998-இல் அமெரிக்க அரசின் அனுமதி கிட்டியது. பாகிஸ்தானைப் பூர்வீகமாகக் கொண்ட சிஷ்தி, வயது வந்த பின் கம்பி கட்டிக்கொண்டவர். சிகிச்சை முடிந்து கொடுக்கப்பட்ட காப்புறையைச் சில நாள் போடாமல் விட்டுப் பின்னர் மாட்டியபோது, விலகிய பல் மீண்டும் தன் இடத்துக்குச் செல்வதைக் கவனித்ததே இந்த யோசனைக்கு வித்து என்பார்கள்.

இனி இருபத்திரண்டு மணி நேரம் ஏன் என்பதைப் பார்ப்போம்.

பல் நேரடியாகத் தாடையெலும்பில் அறையப்பட்டதன்று. பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு ஒன்று தொட்டில் கயிறுபோல் பல்லைத் தாங்கி நிற்கின்றது. அதன் தடிமன் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர். ஓர் உறை ஒரு பல்லை நகர்த்த முயலும் தூரமும் அதிகம் போனால் 0.25 மில்லிமீட்டர்தான். உறையை மாட்டியதும் பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்பக்கத்து நாரை நசுக்குகின்றது. மறுபக்கத்து நார் இழுபடுகின்றது. நசுங்கிய பக்கத்தில் எலும்பை அரிக்கும் உயிரணுக்கள் திரளவும், இழுபட்ட பக்கத்தில் புது எலும்பைக் கட்டும் உயிரணுக்கள் வேலையைத் தொடங்கவும் மணிகளும் நாட்களும் பிடிக்கின்றன. அழுத்தம் விடாமல் நீடித்தால்தான் இவ்வேலை நடக்கும். உறையைக் கழற்றிய மறுகணமே, இழுபட்ட நார்கள் பல்லைப் பழைய இடத்துக்கே இழுக்கத் தொடங்கிவிடும். சுவர் எழுப்பும் கொத்தனார் பாதி நாள் கட்டி, பாதி நாள் பிரித்துப்போட்டால் வீடு எப்போது எழும்?

குறைந்த நேரத்திலும் பல் அசையாமல் இராது என்பதும் உண்மையே. நாளொன்றுக்குச் சுமார் ஆறு மணி நேரம் தொடர்ந்து அழுத்தம் இருந்தால் பல் நகர ஆரம்பிக்கும் என்பது பல் சீரமைப்பு நூல்கள் கூறும் கணக்கு. இரவெல்லாம் விரல் சூப்பும் குழந்தைக்குப் பற்கள் முன்தள்ளி வருவதும், எப்போதோ சிறிது நேரம் சூப்பும் குழந்தைக்கு அவ்வாறு நேராததும் இக்காரணத்தால்தான். ஆயினும் அசைவது வேறு, திட்டமிட்ட இடத்துக்குத் திட்டமிட்ட வாரத்தில் போய்ச் சேர்வது வேறு. அலைனர் சிகிச்சையில் அடுத்தடுத்த உறைகள் முன்கூட்டியே செய்யப்பட்டு வரிசையாகக் காத்திருக்கின்றன. பல் பின்தங்கினால் அடுத்த உறை பொருந்தாது. ஆகவேதான் 20 முதல் 22 மணி நேரம் என்று தயாரிப்பாளர்களும் மருத்துவர்களும் வரையறுத்துள்ளனர்.

ஒரு சிறு கணக்கு. வாரம் ஓர் உறை என்று மாற்றுகிறவர் நாளுக்கு 22 மணி வீதம் அணிந்தால் வாரத்துக்கு 154 மணி நேரம் ஆகிறது. 14 மணி வீதம் அணிபவருக்கு 98 மணிதான் தேறும். 154-ஐ எட்ட அவருக்குப் பதினொரு நாட்கள் வேண்டும். அதுவும் இடைப்பட்ட வேளைகளில் பல் பின்னோக்கிச் செல்வதைக் கணக்கில் சேர்க்காமல்! ஏழாம் நாள் நாட்காட்டியைப் பார்த்து அடுத்த உறைக்குத் தாவினால், உறையின் விளிம்புக்கும் பல்லுக்கும் நடுவே இடைவெளி தெரியத் தொடங்கும். அப்படியே பல உறைகள் கடந்துவிட்டால் புதிதாக அளவெடுத்து முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழியிராது. ஒரு நாள் தவறினால், அதே உறையைக் கூடுதலாக ஓரிரு நாள் அணிந்துவிட்டு, மருத்துவரைக் கேட்டபின் அடுத்ததற்குச் செல்வதே முறை.

திருப்பூரின் வாழ்க்கை முறைக்கு இது ஒத்து வருமா? பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் ஒரு பெண்ணின் நாளை எடுத்துக்கொள்வோம். காலை 6 மணிக்குத் தேநீர், 10 நிமிடம். 7.30-க்குப் பசியாறுதல், 20 நிமிடம். 8.30-க்கு ஷிப்ட். 11 மணி டீ, 15 நிமிடம். பகல் 1 மணிக்குச் சாப்பாடு, 40 நிமிடம். மாலை 5 மணி டீ, 15 நிமிடம். ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு திரும்பி இரவு 9 மணிக்கு உணவு, 30 நிமிடம். மூன்று வேளை பல் துலக்க 15 நிமிடம். ஆக மொத்தம் 2 மணி 25 நிமிடம். ஒரு நிமிடம்கூட வீணாக்காமல் மாட்டினாலும் 21 மணி 35 நிமிடமே கிட்டும். அது போதுமானதுதான்.

ஆனால் நடப்பது என்ன? பகல் உணவுக்குப் பின், "இன்னும் கொஞ்ச நேரத்தில் டீ வந்துவிடுமே" என்று உறை டப்பாவிலேயே இருந்துவிடுகிறது. அதில் 3 மணி 15 நிமிடம் போய்விடும். காலைத் தேநீருக்குப் பின் பசியாறும் வரை மாட்டாமல் இருந்தால் 1 மணி 20 நிமிடம். மீதி சரியாக 17 மணி நேரம். அப்பெண்ணைக் கேட்டால், "சாப்பிடும்போது மட்டும்தான் கழற்றுகிறேன்" என்றுதான் சொல்வாள். பொய் சொல்லவும் மாட்டாள். இதனால்தான் 2008-இல் வளரிளம் பருவத்தினருக்கென வந்த உறையில், அணிய அணிய வெளிறும் நீலப்புள்ளி ஒன்றைப் பதித்தார்கள். தேநீரைப் பசியாறும் வேளையோடு சேர்த்துக்கொள்வதும், நடுவேளைத் தேநீரில் ஒன்றைக் கைவிடுவதும் இதற்குரிய எளிய வழிகள். உறையோடு தேநீர் பருகுவது அறவே கூடாது. சூடு உறையை வளைக்கும், சாயம் கறையாக்கும், சர்க்கரையோ உறைக்குள் தேங்கிப் பல்லைச் சொத்தையாக்கும். உறையோடு அருந்தத் தக்கது சாதாரண நீர் ஒன்றே.

என் கருத்தைச் சொல்வதானால், பன்னிரண்டு மணி நேரம் ஷிப்டில் நின்று, வாய் கொப்பளிக்கவும் வரிசையில் நிற்க வேண்டிய பிள்ளைக்குப் பழைய கம்பிக் கிளிப்பே மேல். அதற்கு மணிக்கணக்கு இல்லை. செலவும் குறைவு. அரசு பல் மருத்துவக் கல்லூரிகளிலும் அச்சிகிச்சை உண்டு. கண்ணுக்குத் தெரியாது என்னும் ஒரே காரணத்துக்காக உறையை வாங்கி, டப்பாவில் வைத்திருப்பதில் என்ன பயன்? பெண் பார்க்க வருகிறார்கள், மூன்று மாதத்தில் பல் வரிசையாக வேண்டும் என்று அவசரப்படும் பெற்றோரும் உண்டு. பல் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். மாப்பிள்ளை வீட்டார் அவசரம் எலும்புக்குத் தெரியாது.

நம் இல்லங்களுக்கே உரிய சில ஐயங்களையும் இங்குத் தொட வேண்டும். அழகுக்காகப் பற்களைத் தேய்த்து இடைவெளி உண்டாக்கிக்கொள்ளும் பெண்களை எச்சரிக்கும் நபிமொழி அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வாயிலாக வந்துள்ளது. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களுக்குத் தங்கத்தால் மூக்கு பொருத்திக்கொள்ள நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்த செய்தியும் உண்டு. மெல்லவும் துலக்கவும் பேசவும் இடையூறாக இருக்கும் குறையை நீக்குவது இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்பதே உலமாக்கள் பலரின் கருத்து.

குளிப்பு கடமையானவர் உறையைக் கழற்றிவிட்டே வாய் கொப்பளிக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில் கடமையான குளிப்பில் வாய் கொப்பளிப்பது ஃபர்ளு. கழற்ற இயலாத கம்பிக்கு உள்ள சலுகை, கழற்றத்தக்க உறைக்கு இல்லை. ஒளூவின்போது கழற்றினால் அதற்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் ஹவுளின் ஓரத்திலோ, கைக்குட்டையில் சுற்றியோ வைத்துவிட்டுத் தொழச் செல்லாதீர்கள். டப்பாவை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருங்கள்.

ஓதும் பிள்ளைகளின் விஷயம் தனி. புது உறை மாட்டிய முதல் சில நாட்கள் நாக்கு தடுமாறும். ஸீன், ஸாத், ஸாய் ஆகிய சீழ்க்கை எழுத்துக்களிலும், நாவின் நுனி முன்பல் விளிம்பைத் தொட்டு எழும் எழுத்துக்களிலும் மக்ரஜ் பிசகும். உஸ்தாது திருத்துவாரே என்று பிள்ளை கழற்றி வைத்துவிடும். ஹிஃப்ழு வகுப்பில் நாள்தோறும் பல மணி நேரம் ஓதும் மாணவனுக்கு இதனாலேயே சிகிச்சை முழுதும் பாழாகிவிடக்கூடும். உறையுடனேயே ஓதிப் பழகினால் சில நாட்களில் நாக்கு பழகிவிடும். அதுவரை உஸ்தாதுகள் பொறுமை காட்டலாமே.

நோன்புக் காலமோ அலைனர் அணிவோருக்குக் கிடைத்த கொடை எனலாம். சுவையோ சாரமோ அற்ற உறையிலிருந்து தொண்டைக்குள் எதுவும் இறங்குவதில்லை. செயற்கைப் பல் அணிந்தோர் நோன்பு நோற்பதைப் போன்றதே இது. சஹர் முடிவு முதல் இஃப்தார் வரை சுமார் 13 மணி நேரம் கழற்ற வேண்டிய தேவையே இல்லை. கஞ்சிக்கு 40 நிமிடம், தராவீஹுக்குப் பின் உணவுக்கு 30 நிமிடம், சஹருக்கு 35 நிமிடம் என்று வைத்தாலும் 1 மணி 45 நிமிடம்தான் ஆகிறது. இரவு முழுதும் வடையும் சமோசாவுமாகக் கொறித்தால் மட்டுமே கணக்கு தப்பும். நோன்பில் உமிழ்நீர் குறைந்து வாய் உலர்வதால், சஹரில் பற்களையும் உறையையும் நன்கு துலக்கிய பின்னரே மாட்ட வேண்டும். உறையைக் கழுவப் பச்சைத் தண்ணீரே ஏற்றது. பகலில் மிஸ்வாக் செய்ய விரும்புவோர் கழற்றித் துலக்கி உடனே மாட்டிக்கொள்ளலாம். நண்பகலுக்குப் பின் மிஸ்வாக் செய்வதில் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளிடையே உள்ள வேறுபாட்டை அவரவர் அறிவர்.

'இரவில் மட்டும் பத்து மணி நேரம் போதும்' என்று தபாலில் உறை அனுப்பிய அமெரிக்காவின் ஸ்மைல் டைரக்ட் கிளப் நிறுவனம், 2023 செப்டம்பரில் திவாலாகி டிசம்பரில் மூடப்பட்டது. பாதிச் சிகிச்சையில் இருந்தோர் நடுத்தெருவில் நின்றனர். எக்ஸ்ரே எடுக்காமல், ஈறையும் வேரையும் ஒரு மருத்துவர் நேரில் பார்க்காமல் உறை தருபவர் எவராயினும் விலகி நிற்பதே நலம்.

அண்டை வீட்டுப் பிள்ளை இரவில் மட்டும் போடுவது பெரும்பாலும் வேறு உறை. சிகிச்சை முடிந்தபின், சீரான பல் திரும்பிப் போகாதிருக்கக் கொடுக்கப்படும் 'ரிட்டெய்னர்' அது. அதையும் முதல் சில மாதங்கள் ஏறத்தாழ நாள் முழுதும் அணிந்து, பின்னர் மருத்துவர் சொன்னபிறகே இரவுக்கு மட்டும் என்று குறைப்பார்கள். அந்த இரவுக் கணக்கு பல்லாண்டு நீளும். சில நாள் விட்டுவிட்டு மாட்டும்போது இறுக்கமாக இருந்தால், பல் நகரத் தொடங்கிவிட்டது என்று பொருள். உடைந்தாலோ தொலைந்தாலோ அடுத்த மாதச் சம்பளத்துக்குக் காத்திராமல் அந்த வாரமே மாற்று உறை செய்துகொள்ள வேண்டும்.