ஒரு கண்ணி மாறினால்...

உயிரணுவின் அமைப்பும் இயக்கமும் பெருமூலக்கூறுகளைச் சார்ந்தவை. சிறு மூலக்கூறுகள் கண்ணிகளைப்போல் பிணைந்து நீண்ட சங்கிலியாகும்போது பெருமூலக்கூறு உருவாகிறது. குளுக்கோஸ் கண்ணிகள் இணைந்தால் மாவுப்பொருள். நியூக்ளியோடைடுகள் இணைந்தால் மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ.; அமினோ அமிலங்கள் இணைந்தால் புரதம். மாவுப்பொருளில் ஒரே வகைக் கண்ணியே திரும்பத் திரும்ப வருகிறது. புரதத்திலோ இருபது வகை அமினோ அமிலங்கள் குறிப்பிட்ட வரிசையில் அமைகின்றன. அவ்வரிசைக்கேற்பச் சங்கிலி மடிகிறது. மடிந்த வடிவத்திற்கேற்பப் புரதம் பணியாற்றுகிறது.

இரத்தச் சிவப்பணுக்களில் நிறைந்துள்ள ஹீமோகுளோபின் இதற்குத் தக்க சான்றாகும். இதில் நான்கு சங்கிலிகள் உள்ளன. ஆல்ஃபா சங்கிலிகள் இரண்டிலும் தலா 141 அமினோ அமிலங்களும், பீட்டா சங்கிலிகள் இரண்டிலும் தலா 146 அமினோ அமிலங்களும் அமைந்துள்ளன. ஒவ்வொரு சங்கிலியும் ஓர் இரும்பு அணுவைத் தாங்குகிறது. ஆக்சிஜன் அதில்தான் பற்றுகிறது. ஓரிடத்தில் ஆக்சிஜன் பற்றியதும் மூலக்கூறின் வடிவம் சற்றே மாறி, ஏனைய இடங்களிலும் அது எளிதில் பற்ற வழிசெய்கிறது.

பீட்டா சங்கிலியின் ஆறாம் இடத்தில் குளுடாமிக் அமிலம் இருக்க வேண்டும். டி.என்.ஏ.யில் ஓர் எழுத்து பிறழ்ந்தால் அவ்விடத்தில் வாலின் அமர்கிறது. குளுடாமிக் அமிலம் நீரை நாடுவது. வாலின் நீரை விலக்குவது. ஆகவே ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. வட்டமான சிவப்பணு அரிவாள் போல் வளைகிறது; நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துக் கடும் வலியை உண்டாக்குகிறது. ஏறத்தாழ 120 நாட்கள் வாழவேண்டிய அணு 10 முதல் 20 நாட்களில் அழிவதால் இரத்தசோகை ஏற்படுகிறது.

இந்நோயாளிகளின் ஹீமோகுளோபின் வேறுபட்டது என்பதை 1949ஆம் ஆண்டில் லைனஸ் பாலிங் குழுவினர் நிறுவினர். மாறிய அமினோ அமிலம் எது என்பதை 1957ஆம் ஆண்டில் வெர்னன் இங்கிராம் கண்டறிந்தார். இதற்கிடையில் 1952ஆம் ஆண்டிலேயே நீலகிரிப் பழங்குடியினரிடம் இம்மாற்றம் காணப்பட்டது. பின்னர் மத்திய இந்தியப் பழங்குடியினரிடமும் இது பரவலாக இருப்பது தெரியவந்தது.

பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் இம்மாற்றத்தைப் பெற்றவர் நோயாளி அல்லர். அதனைக் கடத்துபவர் மட்டுமே. பொதுவாக நலமாகவே வாழும் அவருக்குக் கடும் மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் உண்டு. ஆனால் பெற்றோர் இருவரும் கடத்துபவராயின், ஒவ்வொரு மகப்பேற்றிலும் குழந்தை நோயுடன் பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு உள்ளது. பரிசோதனை இன்றி இதனை அவர்கள் அறிய வழியில்லை.

இதனைக் கருதியே 2023ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் அரிவாளணு இரத்தசோகை ஒழிப்புக்கான தேசிய இயக்கம் தொடங்கப்பட்டது. பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையுள்ள ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்பதும், 2047ஆம் ஆண்டுக்குள் இந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்னும் நிலையிலிருந்து அகற்றுவதும் இதன் குறிக்கோள்கள். நோயுற்றோருக்கு ஹைட்ராக்சியூரியா மருந்து வலித் தாக்குதல்களைக் குறைக்கிறது.

பரிசோதனையோடு விளக்கமும் சென்றடைதல் இன்றியமையாதது. கடத்துபவர் என்னும் முடிவு ஓர் இளம்பெண்ணுக்கு இழுக்காகக் கருதப்படுமாயின், அடுத்த வீட்டார் பரிசோதனைக்கு வரமாட்டார்கள். கண்ணி மாறியது எவருடைய குற்றமுமன்று என்பதை ஊரார் உணர்ந்தால்தான் இம்முயற்சி முழுப்பயன் தரும்.