ஓடும் வண்டிக்கு "எர்த்" எங்கே?

ஜெனரேட்டர் வைத்து இருப்போர் அறிய வேண்டிய உண்மைகள்

வீட்டுக்கு "எர்த்" உண்டு. கடைக்கு "எர்த்" உண்டு. தொழிற்சாலைக்கும் உண்டு.

இன்று ஓர் ஊரிலும், நாளை வேறு ஊரிலும் நிற்கும் வண்டிக்கு?

ஓசூரில் இந்தக் கேள்வி சாதாரணக் கேள்வி அல்ல. கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர் அது. பெங்களூரில் இருந்து கிருஷ்ணகிரி வழியாக சேலம் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், இரவும் பகலும் வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து வெளியே வரும் தொழிலாளர்களுக்காக, சாலை ஓரத்தில் டீ, பலகாரம் விற்கும் வண்டிகள் நிற்கின்றன. சந்திரசூடேஸ்வரர் கோவில் தேர்த் திருவிழா, கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி என்று கூட்டம் கூடும் இடங்களுக்கும் வண்டிகள் போகின்றன. படுக்கை, அடுப்பு, விளக்கு எல்லாம் உள்ள சுற்றுலா வண்டிகளும் இப்போது வந்துவிட்டன.

இவற்றுக்கு மின்சாரம் தருவது, கையால் தூக்கிச் செல்லக்கூடிய சிறிய ஜெனரேட்டர்.

சிறியதுதான். ஆனால் அதில் இருந்து வருவதும் 230 வோல்ட் மின்சாரமே! வீட்டில் உள்ளது போலவே அதுவும் உயிரைப் பறிக்கும்.

புறப்பட்ட இடத்துக்கே திரும்பும்

மின்சாரத்துக்கு ஒரு குணம் உண்டு. எங்கே இருந்து புறப்பட்டதோ, அங்கேயே அது திரும்பிப் போகும். திரும்பிப் போக வழி இல்லை என்றால் அது ஓடாது.

மின்வாரியத்தின் டிரான்ஸ்பார்மரில் "நியூட்ரல்" கம்பியைப் பூமியோடு இணைத்து இருக்கிறார்கள். ஆகவே வீட்டில் ஒருவர் மின்கம்பியைத் தொட்டால், மின்சாரம் அவர் உடல் வழியாகத் தரையில் இறங்கி, டிரான்ஸ்பார்மருக்குத் திரும்புகிறது. அதுதான் "ஷாக்".

சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் இந்த இணைப்பு இருப்பது இல்லை. அவற்றின் நியூட்ரல் கம்பி பூமியோடும் சேராது. இரும்புச் சட்டத்தோடும் சேராது.

அப்படியானால் ஷாக் அடிக்காதே, நல்லதுதானே என்று தோன்றும்.

அங்கேதான் ஆபத்து ஒளிந்து இருக்கிறது. ஒரு கம்பி தேய்ந்து வண்டியின் தகரத்தில் பட்டால், எந்த அடையாளமும் தெரியாது. விளக்கு எரியும், மிக்சி ஓடும். பிறகு ஒருநாள், மற்றொரு கம்பியும் தேய்ந்து ஈரத் தரையில் படும். அப்போது வண்டியின் படியில் கால் வைப்பவர்தான் நடுவில் சிக்குகிறார். வண்டி நிற்பது ரப்பர் டயரின் மேல். தகரத்தில் உள்ள மின்சாரம், தரையில் நிற்கும் மனிதரின் உடலைத்தான் வழியாகக் கொள்ளும்.

பாறையில் அடித்த கம்பி

"தரையில் ஓர் இரும்புக் கம்பியை அடித்து, ஒயரைச் சுற்றினால் போதாதா?" என்று பலர் கேட்பார்கள்.

போதாது. அதுவும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போதவே போதாது!

அது கிரானைட் கல்லுக்குப் பெயர் பெற்ற மாவட்டம். பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறை. பாறையிலும் காய்ந்த மண்ணிலும் மின்சாரம் எளிதில் பாயாது. அதனால்தான் வீடு கட்டும்போது ஆழமாகக் குழி வெட்டி, சுமார் இரண்டரை மீட்டர் நீளக் குழாயை இறக்கி, கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். இந்த வேலைக்கு இந்தியத் தர நிறுவனம் வகுத்த விதிநூலே இருக்கிறது. அதன் எண் 3043. முதலில் வெளிவந்தது 1966-ல்.

வண்டி நிற்கும் இடத்தில் எல்லாம் இப்படிக் குழி வெட்ட முடியுமா?

ஒரு சிறு கணக்கு. தரையின் வழியாக மின்சாரம் திரும்பும் பாதையில் 100 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டை 100-ஆல் வகுத்தால் 2.3. அதாவது 2.3 ஆம்பியர் மின்சாரம்தான் பூமி வழியாக ஓடும். 16 ஆம்பியர் சுவிட்சு இதற்கு விழுமா? விழாது. ஆனால் மனிதன் சாக, ஓர் ஆம்பியரில் சிறு பங்கு போதும்!

மூன்றாவது கம்பிதான் காவலாளி

பிறகு எது காப்பாற்றும்? பச்சை நிற மூன்றாவது கம்பிதான்.

ஜெனரேட்டரின் இரும்புச் சட்டம், வண்டியின் உடல், உள்ளே இருக்கும் குளிர்பதனப் பெட்டி, மிக்சி ஆகிய எல்லாவற்றையும் இந்தக் கம்பி ஒன்றாகப் பிணைக்க வேண்டும். ஜெனரேட்டரில் நியூட்ரலும் சட்டமும் ஓர் இடத்தில், ஒரே ஓர் இடத்தில் இணைந்து இருக்க வேண்டும். அப்போது கசியும் மின்சாரம் மனிதனைத் தேடாது. செம்புக் கம்பி வழியாகவே வீடு திரும்பிவிடும்.

இதனோடு 30 மில்லி ஆம்பியர் மின்கசிவு தடுப்பானும் வேண்டும். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமா என்று அது ஓயாமல் பார்த்துக்கொண்டு இருக்கும். வேறுபாடு கண்டால், கண் இமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்திவிடும். 30 மில்லி ஆம்பியர் எவ்வளவு சிறியது என்றால், 9 வாட் பல்பு எரியவே அதைவிட அதிகம் தேவை!

அந்தத் தடுப்பானில் சோதனைப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு தடவை அமுக்கிப் பார்க்க வேண்டும். ஆனால் பொத்தானை அமுக்கியதும் சுவிட்சு விழுந்தால், "எர்த்" சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. தடுப்பான் பழுது இல்லை என்பதை மட்டுமே பொத்தான் சொல்லும். மூன்றாவது கம்பி அறுந்து கிடந்தாலும் அது விழும்! கம்பியை மீட்டர் வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

அமெரிக்காவிலும் இதே முறைதான். ஜெனரேட்டரின் சட்டத்தை வண்டியின் உலோக உடலோடு பிணைத்து, அந்த வண்டியில் உள்ள கருவிகளுக்கும் ஜெனரேட்டரிலேயே உள்ள பிளக்குகளுக்கும் மட்டும் மின்சாரம் கொடுத்தால், தரையில் தனிக் கம்பி அடிக்கத் தேவை இல்லை என்று அந்த நாட்டு மின் விதிநூல் சொல்கிறது. மூன்றாவது கம்பி மட்டும் கட்டாயம்.

செய்யக் கூடாதவை

* மூன்று முள் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு ஒயர்களைத் தீக்குச்சியால் செருகுவது தற்கொலைக்குச் சமம்.

* ஜெனரேட்டர் மின்சாரத்தை வீட்டு பிளக்கில் செருகக் கூடாது. அது தெருக் கம்பிக்கு ஏறும். "மின்சாரம் இல்லை" என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய ஊழியரைக் கொல்லும். வீட்டுக்கு மாற்று சுவிட்சு தேவை.

* ஜெனரேட்டரை வண்டிக்குள் ஓட்டக் கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார்.

* மேலே செல்லும் மின்கம்பியைப் பார்க்காமல் வண்டியை நிறுத்தக் கூடாது. 2022-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந்தேதி, தஞ்சையை அடுத்த களிமேட்டில் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் உயிர் இழந்தனர். அந்த மின்சாரத்தின் முன், மூன்றாவது கம்பியும் தடுப்பானும் கைகொடுக்காது. விலகி நிற்பது ஒன்றே வழி.

யாரிடம் காட்டுவது?

இந்த இணைப்புகளைத் தாமே செய்யக் கூடாது. சில ஜெனரேட்டர்களில் நியூட்ரல் முன்பே சட்டத்தோடு இணைக்கப்பட்டு இருக்கும், சிலவற்றில் இருக்காது. தெரியாமல் இரண்டு இடங்களில் இணைத்தால் தடுப்பான் ஏமாந்துபோகும். உரிமம் பெற்ற ஒயர்மேனிடம் காட்டி, "நியூட்ரல் எங்கே சேர்ந்து இருக்கிறது? பச்சைக் கம்பி கடைசி வரை போகிறதா?" என்று இரண்டே கேள்விகள் கேட்டால் போதும்.

மூன்று மீட்டர் ஒயர், ஒரு தடுப்பான், ஒருவர் கூலி. செலவு அவ்வளவுதான். வண்டியின் படியில் முதலில் கால் வைப்பது பெரும்பாலும் குழந்தைதான். அதற்கு முன்பே இந்த வேலை முடிந்து இருக்க வேண்டும்.