வரம்பில் ஓடும் வேட்டைக்காரி

வயலுக்குச் சோறு கொண்டு போகும் சகோதரிகள் கவனித்திருப்பீர்கள். வரம்பில் கால் வைத்ததும் சாம்பல் நிறச் சிலந்தியொன்று விறுவிறுவென ஓடி நெல்லின் தூருக்குள் மறையும். சிலவேளை தண்ணீரின் மேலேயே ஓடும். வலை கட்டிக் காத்திருக்கும் இனமல்ல இது. தேடிப் பிடித்துத் தின்னும் இனம். ஓநாய்ச் சிலந்தி என்று பெயர்.

கண்கள் எட்டு. அசைவது எதுவோ அதன் மீது பாயும். நஞ்சைச் செலுத்தி, செரிமான நீரைக் கக்கி, இரையைக் கசக்கிக் கூழாக்கி உறிஞ்சிக் குடிக்கும். தண்டு துளைப்பானின் அந்துப்பூச்சியும் இதற்கு இரைதான். ஆனால் நமக்குப் பெரிய உதவி, கபில நிறத் தத்தியைத் தின்பது. வயல்காரர் அறக்கொட்டியான் என்பார்களே, அதுதான். தத்தி குடியிருப்பதும் சிலந்தி வேட்டையாடுவதும் ஒரே இடத்தில், தண்ணீரை ஒட்டிய தூரில். நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை ஒரு சிலந்தி தின்னும் என்கிறது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம்.

இதை முழு நல்லவள் என்றும் சொல்வதற்கில்லை. நன்மை செய்யும் பூச்சியையும் பிடிக்கும், பசித்தால் தன் இனத்தையே தின்னும்.

தத்தி வருவதற்கு முன் எதைத் தின்று உயிர் வாழ்கிறது? உக்கிய வைக்கோலிலும் சேற்றிலும் பெருகும் நுண்ணிய பூச்சிகளை. ஆகவே தத்தி வந்து சேரும்போது சிலந்தி ஏற்கெனவே வயலில் தயாராக நிற்கும்.

இந்த நேரத்தில்தான் நாம் அவசரப்படுகிறோம். நாலு தத்தியைக் கண்டதும் கிருமிநாசினி. தத்தியும் சாகும், சிலந்தியும் சாகும். ஆனால் தத்தியின் முட்டை நெல்லின் இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும். சில நாட்களில் குஞ்சுகள் வெளிவரும்போது, தின்ன ஆளில்லை. சிலந்தி அவ்வளவு சீக்கிரம் பெருகாது. முட்டைப் பையைப் பின்னால் கட்டி இழுத்துத் திரிந்து, பொரித்த குஞ்சுகளையும் சில நாள் முதுகில் சுமக்கும் உம்மா அது.

இந்தோனேசியா இந்தப் பாடத்தைப் பெரும் நட்டத்துடன் படித்தது. 1986இல் அந்நாட்டு அரசு நெல்லுக்கு 57 வகைக் கிருமிநாசினிகளைத் தடை செய்தது.

அடுத்த போகத்தில் மருந்து வாங்க உங்களிடம் காசு கேட்டால், "தூரை விலக்கிப் பார்த்தீர்களா? சிலந்தி எத்தனை, தத்தி எத்தனை?" என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.