கணக்கு நோட்டும் பக்கத்து பெஞ்ச் நண்பனும்



காலாண்டுப் பரீட்சையில் நான் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதி வைத்தேன். சிவப்பு மையில் தப்பு விழுந்தது. எங்கே தப்பு என்று பார்க்கலாம் என்றால், முன்னாடி போட்டுப் பார்த்த ரஃப் பேப்பரை எல்லாம் எறிந்தாச்சு! நண்பனிடம் காட்டினேன். அவன் கேட்டான்: "ஏலே, பாதி பரோட்டா தின்ன பொறவு இன்னும் ஒரு துண்டு தின்னா, தின்னது எப்படிலே பாதிக்குக் கீழ போகும்?" ஆமா, 2/5 பாதியை விடக் குறைவாச்சே! துண்டுகளை ஒரே அளவாக்கணும்: 3/6 + 2/6 = 5/6. அப்பத்தான் புரிந்தது.

மேதையின் நோட்டு

கணித மேதை இராமானுஜன் (1887–1920), காகிதம் விலை அதிகம் என்பதால் சிலேட்டில் போட்டு அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டில் எழுதினார். வழிமுறை இல்லாத அந்த 3,000-க்கும் மேற்பட்ட முடிவுகளை விளக்கி, அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ண்ட் 1985 முதல் 1998 வரை 5 தொகுதிகள் வெளியிட்டார்!

1913-ல் இராமானுஜன் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஹார்டி நிரூபணம் கேட்டார். 1914-ல் இராமானுஜன் இங்கிலாந்து போனார். இருவரும் சேர்ந்து பெரிய பெரிய முடிவுகளைக் கண்டார்கள். மேதைக்கே "ஏன்?" என்று கேட்க ஒரு கூட்டாளி வேண்டியிருந்தது. நமக்கு வேண்டாமா?

நாம் செய்யலாமே!

1. கணக்குக்கென்று தனி நோட்டு. முதல் 2 பக்கம் பொருளடக்கம். தேதி கட்டாயம்.
2. இடது பக்கம் நாம் போட்ட வழி. தப்பை அழிக்கக் கூடாது, ஒரு கோடு போதும். வலது பக்கம் கூட்டாளி கேட்ட கேள்வி, நம் பதில்.
3. ஒருத்தர் சொல்லணும், மற்றவர் எழுதணும். அடுத்த கணக்குக்கு மாறிக்கணும். விடையை மட்டும் பார்த்து எழுதினால் அது கூட்டு வேலை இல்லை, காப்பி!
4. 2 வாரத்துக்கு ஒரு முறை ஜோடி மாறணும்.
5. குற்றாலச் சீசன் சாரலில் பை நனையும். அதனால் நோட்டுகள் வகுப்பிலேயே அட்டைப் பெட்டியில் இருக்கட்டும்.

ஜோடியாகப் போடுங்கள்:
1+3=4, 1+3+5=9, 1+3+5+7=16. எப்பவும் வர்க்க எண்ணே வருதே, ஏன்? புள்ளி வைத்துப் பாருங்கள். விடை மட்டும் போதாது, காரணமும் எழுதணும்!

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்