ஆறிய இறைச்சியில் இரும்பின் வேலை

சமைத்த இறைச்சியைக் குளிர்பெட்டியில் எடுத்துவைத்து மறுநாள் சூடு பண்ணிப் பரிமாறினால், கெட்டுப்போனதற்கான அடையாளம் ஒன்றும் அதில் தென்படாது. ஆயினும் முதல் நாளிருந்த ருசி போய், காறிப்போன எண்ணெயை நினைவூட்டும் ஒரு வாடை அதில் ஏறியிருக்கும். இதற்குக் கிருமிகள் காரணமல்ல. பச்சை இறைச்சியை உறைய வைத்தால் அதன் கொழுப்பு காறுவதற்கு வாரங்களும் மாதங்களும் செல்லும்போது, சமைத்த இறைச்சியில் இரண்டே நாளில் இவ்வாடை தோன்றிவிடுவதுதான் இவ்விஷயத்தின் விசித்திரம்.

இவ்வாடையை 'மறுசூட்டு வாடை' எனப் பெயரிட்டுத் தனியே ஆராய்ந்தவர், அமெரிக்காவின் ப்ளாரிடா மாநிலத் தலைநகரான டல்லஹாஸியில், 1947 வரை மகளிர் கல்லூரியாக இருந்து பின் சர்வகலாசாலையாக மாறிய ஸ்தாபனத்தில், உணவு ஊட்டத் துறையில் பணியாற்றிய பெட்டி வாட்ஸ் என்ற அம்மையார். அவரும் டிம்ஸ் என்பவரும் 1958-ல் வெளியிட்ட கட்டுரை, பாஸ்பேட் உப்புக்களில் சிலவற்றைச் சேர்த்துச் சமைத்த இறைச்சியில் இக்குறை வெகுவாக மட்டுப்படுகிறது என்பதைப் பரிசோதனை வாயிலாக நிலைநாட்டிற்று.

உயிருள்ள தசையில் பிராணவாயுவைச் சேமித்து வைப்பதும் இறைச்சிக்குச் செந்நிறம் தருவதும் மயோகுளோபின் என்ற புரதம். அதன் நடுவே ஓர் இரும்பணு கட்டுண்டு கிடக்கிறது. அடுப்பின் உஷ்ணம் அப்புரதத்தைக் குலைத்து இரும்பில் ஒரு பகுதியை விடுவிக்கிறது. அதே உஷ்ணம் உயிரணுக்களின் மெல்லிய சவ்வுகளையும் சிதைத்துவிடுவதால், அச்சவ்வுகளில் அமைந்த பாஸ்போலிப்பிட் என்னும் கொழுப்பு, விடுபட்ட இரும்புக்கும் காற்றிலுள்ள பிராணவாயுவுக்கும் ஒருங்கே இலக்காகிறது. ஒரு கூரையில் பற்றிய தீ அடுத்த கூரைக்குத் தாவுவதுபோல், சிதைந்த ஒவ்வொரு கொழுப்பு மூலக்கூறும் தன்னை அடுத்ததைச் சிதைக்கத் தொடங்குகிறது. இக்கொழுப்பு சவ்வுகளிலேயே அமைந்திருப்பதால், கண்ணுக்குத் தெரியும் வெள்ளைக் கொழுப்பை முழுவதும் நறுக்கி எறிந்துவிட்டாலும் வாடை நீங்குவதில்லை. எளிதில் சிதையும் கொழுப்பமிலங்கள் மிகுந்த கோழி, வான்கோழி இறைச்சிகளுக்கு மாட்டிறைச்சியைக் காட்டிலும் இந்த ஆபத்து அதிகம்.

வாடையை மூக்கு அறியும். ஆனால் இருவர் மூக்கு ஒத்துச் சொல்லாதபோது எதை ஆதாரமாகக் கொள்வது? 1960-ல் தார்லாட்கிஸ், வாட்ஸ் முதலிய நால்வர் வகுத்த முறையில், 10 கிராம் இறைச்சியை நீரில் மசித்து, சிறிது ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துக் காய்ச்சி, ஆவியைக் குளிர்வித்து 50 மில்லிலிட்டர் வடிநீர் பிடிக்கிறார்கள். அதில் 5 மில்லிலிட்டரைத் தயோபார்பிட்யூரிக் அமிலக் கரைசலோடு கலந்து, குழாயைக் கொதிநீரில் 35 நிமிஷம் நிறுத்தினால், கொழுப்புச் சிதைவில் பிறந்த மலோனால்டிஹைடின் அளவுக்குத் தக்கபடி திரவம் இளஞ்சிவப்பாகிறது. அந்தச் சிவப்பைக் கருவியால் அளந்து, கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்லிவிடலாம். நைட்ரைட் இட்டுப் பதப்படுத்திய இறைச்சியில், நைட்ரைட்டே மலோனால்டிஹைடைக் கவர்ந்துகொள்வதால் கணக்குக் குறைந்து காட்டும் என்பதைக் கண்டு, 1962-ல் ஸிப்ஸரும் வாட்ஸும் இம்முறையைத் திருத்தியமைத்தார்கள். தாம் படைத்த அளவுகோலின் குறையைத் தாமே தேடிச் சென்ற அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஓர் அம்சத்தில் மட்டும் அவர்கள் கருத்து நிலைக்கவில்லை. 1959-ல் யூனாதனும் வாட்ஸும், மயோகுளோபினின் நிறப்பொருளோடு பிணைந்த இரும்பே சிதைவைத் தூண்டுகிறது என்று கொண்டார்கள். 1970-களில் நடந்த ஆராய்ச்சிகளோ, பிணைப்பிலிருந்து விடுபட்ட இரும்பின் மீதே பழியைச் சுமத்தின. பாஸ்பேட் உப்பு தனித்த உலோக அணுக்களைப் பிடித்துக் கட்டும் இயல்புடையது என்பதை எண்ணிப் பார்த்தால், பிந்திய விளக்கத்துக்கான சாட்சியம் 1958-ஆம் ஆண்டுப் பரிசோதனையிலேயே அடங்கியிருந்ததாக எனக்குத் தோன்றுகிறது.

உப்புடன் அவர்கள் நிற்கவில்லை. 1963, 64-ஆம் ஆண்டுகளில் வாட்ஸின் கூடத்தினர் காய்கறிச் சாறுகளைச் சமைத்த இறைச்சியில் பிரயோகித்து, அவையும் காறலைத் தடுப்பதைக் கண்டு, அந்தச் சக்தியைத் தாவரங்களிலுள்ள ப்ளேவனாய்டுகளுக்கு உரித்தாக்கினார்கள். பாஸ்பேட் இரும்பைக் கட்டுகிறது. இத்தாவரப் பொருள்களோ, இரும்பைக் கட்டுவதோடு, தம்மிடமுள்ள ஹைட்ரஜனைக் கொடுத்து, ஒரு மூலக்கூறிலிருந்து அடுத்ததற்குத் தாவும் சிதைவுச் சங்கிலியை நடுவிலேயே அறுக்கின்றன. இன்று இறைச்சித் தொழிலில் ரோஸ்மேரி இலையின் சாரம் பரவலாகச் சேர்க்கப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2010-ல் அதற்கு இ392 என்ற எண்ணிட்டு அனுமதி வழங்கிற்று.

வீட்டுச் சமையலுக்கும் இதில் செய்தியுண்டு. கொத்திய இறைச்சியில் காற்று எங்கும் கலந்துவிடுவதால் அது முழுத்துண்டைவிட விரைவில் காறுகிறது. சாதாரணச் சமையல் உப்பு அந்த வேகத்தை மேலும் கூட்டுகிறது. எஞ்சியதைத் தட்டில் பரப்பி வைக்காமல், துண்டுகள் முழுகும்படி குழம்போடு சிறு பாத்திரத்தில் நிறைத்து மூடி வைத்தால் காற்றுக்கு அங்கே அதிக இடமிராது.